வளரும் சந்தையில் கடை விரிக்க: துணை நிறுவனமா, கிளையா, கூட்டாளியா?

வேற்று நாட்டில் தொழில் தொடங்க நினைப்பவர்கள் பாதி முடிவோடுதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். "அங்கே வாடிக்கையாளர்கள் கிடைக்க ஆரம்பித்துவிட்டார்கள், ஒரு துணை நிறுவனம் பதிவு செய்துவிடலாமா?" என்பார்கள். அதற்குள் நிதிப் பிரிவு கிளை போதும் என்று சொல்லியிருக்கும். உள்ளூர்க் கூட்டாளி இல்லாமல் நடக்காது என்பது விற்பனைப் பிரிவின் வாதமாக இருக்கும். இரண்டு பேரை வேறொரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் வைத்து ஒப்பேற்றலாம் என்று இன்னொருவர் யோசனை சொல்லியிருப்பார். எல்லோர் பேச்சிலும் நியாயம் உண்டு, அதனால்தான் முடிவு இழுத்துக்கொண்டே போகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவுக் கட்டணத்தையும் பதிவுக்கு ஆகும் நாட்களையும் வைத்து வடிவத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். லாபம் எந்த வழியாகத் தாய் நிறுவனத்துக்குத் திரும்பும், சரிப்படாவிட்டால் எப்படி மூடிவிட்டு வருவது என்ற இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகு மற்றதைப் பேசலாம். பெரிய இழப்புகள் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் நேர்ந்திருக்கின்றன.

## எதை வைத்து எடை போடுவது

அந்த நாட்டு வாடிக்கையாளருக்கு உங்கள் பெயரில் பில் போடப் போகிறீர்களா என்பதுதான் முதல் கேள்வி. போடுவதென்றால் பாதி வடிவங்கள் அப்போதே பட்டியலிலிருந்து விழுந்துவிடும். போடப் போவதில்லை என்றால் துணை நிறுவனம் அநேகமாகத் தேவையே இல்லை.

அப்புறம் பொறுப்பு. வழக்கு, கடன், தொழிலாளர் நிலுவை ஆகியவை அந்த நாட்டோடு நிற்குமா, தலைமையகம் வரை வருமா? வரியைப் பார்க்கும்போது லாபத்தின் மீதான வரியை மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான். பணம் எல்லை தாண்டும்போது பிடிக்கப்படும் வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பணத்தை வெளியே எடுப்பதற்குச் சட்டத்தில் அனுமதி இருக்கிறதா என்பதும் வங்கியில் டாலர் இருக்கிறதா என்பதும் தனித்தனிக் கேள்விகள். கட்டுப்பாடு என்றால் பங்குச் சதவீதம் என்று பலர் நினைக்கிறார்கள். வங்கியில் யார் கையெழுத்து செல்லும், முத்திரை யாரிடம் இருக்கிறது, உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்பவையும் கட்டுப்பாடுதான். கடைசியாக, மூடும் செலவு.

## விநியோகஸ்தர் மூலம் விற்பது

சரக்கு விற்பவர்களுக்கு இதுதான் மலிவான தொடக்கம். அந்த நாட்டில் உங்களுக்கு நிறுவனமும் இல்லை, வரிக் கணக்கும் இல்லை. சந்தை இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

செலவு ஒளிந்திருப்பது பிரியும்போதுதான். ஐக்கிய அரபு அமீரகத்தில் பதிவு பெற்ற வணிக முகவரைத் தக்க காரணம் இல்லாமல் நீக்க முடியாத நிலை வெகுகாலம் இருந்தது. 2022-இல் வந்த புதிய சட்டம்தான் அதைத் தளர்த்தியது. மருந்து, மருத்துவக் கருவி, உணவுப் பொருள் போன்றவற்றில் விற்பனைப் பதிவு உள்ளூர் இறக்குமதியாளர் பெயரில் இருப்பது பல நாடுகளில் வழக்கம். ஆளை மாற்றினால் பதிவை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சீனாவில் வணிகச் சின்னம் முதலில் விண்ணப்பித்தவருக்கே என்பது பொது விதி. ஆகவே மாதிரிச் சரக்கை அனுப்பும் முன்பே சின்னத்தை உங்கள் பெயரில் பதிந்துவிடுங்கள்.

## தொடர்பு அலுவலகம்

பெயருக்கேற்ப இதன் வேலை தொடர்பு மட்டுமே. சந்தையைப் பார்க்கலாம், தாய் நிறுவனத்துக்காகப் பேசலாம், தரம் சோதிக்கலாம். வருமானம் ஈட்டக் கூடாது. செலவு முழுவதும் வெளியிலிருந்து வரும் பணத்தில் நடக்க வேண்டும். இந்தியாவில் 2016-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள், தாய் நிறுவனத்துக்கு முந்தைய 3 ஆண்டுகள் தொடர்ந்து லாபமும் குறைந்தது 50,000 டாலர் நிகர மதிப்பும் இருக்க வேண்டும் என்றன. புதிதாகத் தொடங்கிய நிறுவனங்கள் இதைக் கவனிப்பதில்லை; விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகே தெரிந்துகொள்கிறார்கள்.

சரக்கு வாங்க மட்டும் வரும் நிறுவனங்களுக்கு இது நல்ல வடிவம். ஆபத்து எங்கே என்றால், அலுவலகத்தில் இருப்பவர் மெல்ல மெல்ல விலை பேசவும் ஆர்டர் எடுக்கவும் தொடங்குவார். அந்த இடத்தில் வரித்துறை "நிரந்தரத் தொழிலிடம்" உருவாகிவிட்டது என்று சொல்லும், அந்த நாட்டு விற்பனையில் கிடைத்த லாபத்துக்கும் வரி கேட்கும். உரிம மீறல் தனியாக வரும்.

## ஆட்களை மட்டும் வேலைக்கு வைப்பது

இ.ஓ.ஆர் எனப்படும் நிறுவனம் உங்களுக்காக உள்ளூரில் ஆளை வேலைக்கு எடுத்து, சம்பளம், வரிப் பிடித்தம், சமூகக் காப்பு எல்லாவற்றையும் தன் பெயரில் பார்த்துக்கொள்ளும். சில வாரங்களில் வேலை தொடங்கிவிடலாம். ஒரு சில மென்பொருள் பொறியாளர்கள் போதும் என்றால் துணை நிறுவனம் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் அந்த ஊழியர் எழுதும் நிரல் யாருக்குச் சொந்தம்? சட்டப்படி அவருடைய முதலாளி நீங்கள் இல்லை. ஊழியரிடமிருந்து இ.ஓ.ஆருக்கும், இ.ஓ.ஆரிடமிருந்து உங்களுக்கும் உரிமை மாறுவது இரண்டு ஒப்பந்தங்களிலும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆட்கள் கூடக் கூடத் தலைக்கு இவ்வளவு என்ற மாதக் கட்டணமும் கூடும். ஒரு கட்டத்தில் சொந்த நிறுவனம் நடத்தும் செலவை அது தாண்டிவிடும். விற்பனை ஆட்களுக்கு இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை. தொடர்பு அலுவலகத்தில் சொன்ன அதே வரி ஆபத்து இங்கேயும் இருக்கிறது.

## கிளை

கிளை தனி ஆள் அல்ல. அது தாய் நிறுவனத்தின் கை. அதன் கடன் தாய் நிறுவனத்தின் கடன், அதன் மீதான வழக்கு தாய் நிறுவனத்தின் மீதான வழக்கு. இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டாம். டெண்டரில் பங்கெடுக்கும்போது புதிய துணை நிறுவனத்துக்கு அனுபவச் சான்று இருக்காது. கிளை தாய் நிறுவனத்தின் பல ஆண்டு வேலையைத் தன் அனுபவமாகக் காட்ட முடியும். கட்டுமானம், பொறியியல் ஒப்பந்தங்கள், வங்கித் தொழில் ஆகியவற்றில் கிளை இன்றும் செல்வாக்கோடு இருப்பதற்கு இது ஒரு காரணம்.

எல்லா நாட்டிலும் இந்த வழி திறந்திருக்காது. நைஜீரியாவின் 2020-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தில் 78-ஆம் பிரிவு, சில விலக்குகள் நீங்கலாக, அங்கே தொழில் செய்ய வரும் வெளிநாட்டு நிறுவனம் உள்ளூரில் தனி நிறுவனம் பதிந்தே ஆக வேண்டும் என்கிறது. பிரேசிலில் கிளை தொடங்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். இந்தியாவில் கிளைக்கு அனுமதி உண்டு, ஆனால் சில்லறை விற்பனையும் நேரடி உற்பத்தியும் கூடாது.

வரிக்கு வருவோம். கிளைக்கு வரி அதிகம், துணை நிறுவனத்துக்குக் குறைவு என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தியாவில் 100 ரூபாய் லாபத்தை எடுத்துக்கொள்வோம். சலுகை விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் உள்நாட்டு நிறுவனத்துக்கு 22 சதவீதம்; சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகளும் சேர்ந்தால் 25.17. மீதி 74.83. அதை அமெரிக்கத் தாய் நிறுவனத்துக்கு டிவிடெண்டாக அனுப்பினால் இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 15 சதவீதம் பிடிப்பார்கள், கையில் வருவது 63.61. கிளைக்கு 2024-இல் விகிதம் 40-இலிருந்து 35-ஆகக் குறைந்தது. செஸ் சேர்த்தால் 36.4, மீதி 63.60. கிளையின் லாபம் 1 கோடியைத் தாண்டாதவரை அதற்குச் சர்சார்ஜ் இல்லை, தாண்டினாலும் வித்தியாசம் சிறிதுதான். வித்தியாசம் என்று நம்பியது ஒரு பைசாவில் வந்து நிற்கிறது!

ஆனால் லாபத்தை அங்கேயே மறுமுதலீடு செய்வதாக இருந்தால் கணக்கு மாறும். டிவிடெண்ட் கொடுக்காதவரை துணை நிறுவனத்திடம் 74.83 முழுதாக இருக்கும், கிளையிடம் 63.60-தான். தாய் நிறுவனம் சிங்கப்பூரில் இருந்து 25 சதவீதத்துக்குக் குறையாமல் பங்கு வைத்திருந்தால் டிவிடெண்ட் மீதான பிடித்தம் 10 சதவீதம், அப்போதும் துணை நிறுவனத்தின் பக்கம் தராசு சாயும். பிலிப்பைன்ஸில் கிளை லாபத்தை வெளியே அனுப்பத் தனியாக 15 சதவீதம், இந்தோனேசியாவில் 20 சதவீதம் (வரி ஒப்பந்தம் இருந்தால் குறையலாம்). இந்தக் கணக்கை உங்கள் நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் தனியாகப் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

## முழு உரிமைத் துணை நிறுவனம்

நீண்ட நாள் இருக்கப் போகிறீர்கள், உள்ளூரில் விற்கப் போகிறீர்கள், ஆட்களை எடுக்கப் போகிறீர்கள் என்றால் இதுதான் இயல்பான வடிவம். தனிச் சட்ட ஆள், உள்நாட்டு நிறுவனத்துக்குரிய வரி, முழுக் கட்டுப்பாடு. முன்பு இதற்குக் கதவு மூடியிருந்த துறைகள் பல இப்போது திறந்துவிட்டன. சீனாவில் வெளிநாட்டுக் கார் நிறுவனங்கள் உள்ளூர்க் கூட்டாளியோடுதான் தொழிற்சாலை வைக்க முடியும் என்றிருந்தது. 2018-இல் மின்கார்களுக்கு அந்த வரம்பு நீங்கியது, டெஸ்லா ஷாங்காயில் முழுச் சொந்தமாகவே ஆலை அமைத்தது. 2022-இல் மற்றக் கார்களுக்கும் வரம்பு எடுக்கப்பட்டது.

சரி, செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

மூலதனத்தில் முதலாவது. இந்தியாவில் குறைந்தபட்ச மூலதனம் என்ற நிபந்தனை 2015-இல் நீங்கிவிட்டது. இந்தோனேசியாவில் அப்படியில்லை: வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் ஒவ்வொரு தொழில் வகைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும், நிலமும் கட்டடமும் நீங்கலாக, 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும் என்பது பொது விதி. பிலிப்பைன்ஸில் உள்ளூர்ச் சந்தைக்கு விற்கும் நிறுவனத்தில் வெளிநாட்டுப் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டினால் 2 லட்சம் டாலர் கட்டிய மூலதனம், சில விலக்குகளோடு. வியட்நாமில் அறிவித்த மூலதனத்தைப் பதிவுச் சான்று கிடைத்த 90 நாட்களுக்குள் கட்டிவிட வேண்டும். சீனாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி 5 ஆண்டுக்குள். கௌரவத்துக்காகப் பெரிய தொகையைப் பதிந்துவிட்டுப் பிறகு திணறுவதை நிறையவே பார்க்க முடிகிறது. 18 மாதச் செலவுக்கு வேண்டியதைக் கணக்கிட்டு அதைப் பதிவதே என் ஆலோசனை. பின்னால் கூட்டுவது எளிது, குறைப்பது கடினம்.

அடுத்தது ஆள். இந்தியத் தனியார் நிறுவனத்துக்கு இரண்டு பங்குதாரர்களும் இரண்டு இயக்குநர்களும் வேண்டும். இயக்குநர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாட்கள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். அப்படி ஒருவரைக் கட்டணத்துக்கு அமர்த்தலாம், ஆனால் அவர் சட்டப்படி முழு இயக்குநர். வங்கிக் கையெழுத்தை அவரிடம் தனியாக விட்டுவிடக் கூடாது. சீனாவில் நிறுவன முத்திரை வைத்திருப்பவரே நிறுவனம் என்ற அளவுக்கு அதற்குப் பலம் உண்டு. 2020-இல் சிப் வடிவமைப்புத் துறையைச் சேர்ந்த ஆர்ம் சீனா நிறுவனத்தின் இயக்குநர் குழு தன் தலைமை அதிகாரியை நீக்கத் தீர்மானித்தது. முத்திரை அவர் கையில் இருந்ததால் 2022 வரை அந்த இழுபறி நீடித்தது. அது முழு உரிமை நிறுவனம்கூட இல்லை, ஆனால் பாடம் எல்லா வடிவத்துக்கும் பொருந்தும்.

ஆண்டுதோறும் வரும் வேலைகள் சிறுசிறு தொகையாகத் தெரியும், சேர்த்தால் கனக்கும். இந்தியாவில் விற்பனை ஒரு ரூபாய் இல்லாவிட்டாலும் நிறுவனச் சட்டத்தின்படி தணிக்கை உண்டு. வெளிநாட்டவருக்குப் பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். தாய் நிறுவனத்தோடு நடக்கும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் சந்தை விலை என்ன என்று நிரூபிக்கும் ஆவணம் வேண்டும். தலைமையகத்துக்குச் சேவைக் கட்டணம், ராயல்டி என்று பணம் அனுப்ப நினைப்பவர்கள் இந்த ஆவணத்தை முதல் ஆண்டிலிருந்தே எழுதி வைக்க வேண்டும்.

வரையறுத்த பொறுப்பு என்பதையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. பிரேசில் தொழிலாளர் சட்டத்தின் 2-ஆம் பிரிவு ஒரே பொருளாதாரக் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனங்களைத் தொழிலாளர் நிலுவைக்குக் கூட்டுப் பொறுப்பாக்குகிறது. வங்கியும் கட்டட உரிமையாளரும் தாய் நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் கேட்பார்கள். கையெழுத்திட்ட நிமிடமே அந்தச் சுவரில் ஓட்டை விழுந்துவிடுகிறது.

லாபம் வெளியே வருவதற்கும் முறை உண்டு. சீனாவில் வரி போக மிஞ்சிய லாபத்தில் 10 சதவீதத்தை, பதிந்த மூலதனத்தில் பாதியை எட்டும்வரை, சேமநிதியில் வைத்த பிறகே டிவிடெண்ட். வியட்நாமில் நிதியாண்டு முடிந்து, தணிக்கை முடிந்து, வரி கட்டிய பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. இவை தெரிந்த விதிகள், திட்டமிட்டுவிடலாம். திட்டமிட முடியாதது டாலர் பற்றாக்குறை. நைஜீரியாவில் விமான நிறுவனங்கள் டிக்கெட் விற்ற பணத்தை எடுக்க முடியாமல் தவித்தன. 2023 நடுவில் சிக்கியிருந்த தொகை 81 கோடி டாலருக்கு மேல் என்று விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா கணக்கிட்டது. எமிரேட்ஸ் 2022-இல் அங்கே பறப்பதையே நிறுத்தி, 2024 அக்டோபரில்தான் திரும்பியது. இப்படிப்பட்ட நாட்டில் எந்த வடிவமும் முழுப் பாதுகாப்பு தராது. உள்ளூர்ப் பணத்தில் வரும் வருமானத்தை உள்ளூர்ச் செலவோடு பொருத்தி, தாய் நிறுவனம் போட்ட முதலீட்டைச் சிறியதாக வைத்திருப்பதுதான் வழி.

## கூட்டு நிறுவனம்

சட்டம் கட்டாயப்படுத்தினால், அல்லது நிலம், உரிமம், விநியோக வலை போன்ற உங்களால் வாங்க முடியாத ஒன்று கூட்டாளியிடம் இருந்தால் மட்டுமே இதற்குப் போங்கள். "உள்ளூர் தெரிந்த ஆள் வேண்டும்" என்பது கூட்டுக்குப் போதுமான காரணம் இல்லை. அப்படிப்பட்ட ஆளை மேலாளராகச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிரான்ஸின் டானோன் உணவு நிறுவனம் சீனாவின் பான நிறுவனமான வாஹாஹாவோடு 1996-இல் கூட்டுச் சேர்ந்தது. கூட்டாளி அதே பொருட்களை விற்கும் தனி நிறுவனங்களை நடத்துகிறார் என்ற குற்றச்சாட்டு 2007-இல் வெடித்தது. 51 சதவீதப் பங்கு வைத்திருந்தும் டானோனால் சமாளிக்க முடியவில்லை; 2009-இல் தன் பங்கை விற்று வெளியேறியது. பெரும்பான்மைப் பங்கு இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதை ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும்.

வெளியேறும் விலையில் நேர்ந்த சிக்கலுக்கு ஜப்பானின் என்.டி.டி. டோகோமோ உதாரணம். 2009-இல் டாடா டெலிசர்வீசஸில் 26.5 சதவீதம் வாங்கியது. தொழில் சரிப்படாவிட்டால் வாங்கிய விலையில் பாதிக்குக் குறையாமல் பங்கை டாடா தரப்பு விற்றுக்கொடுப்பதாக ஒப்பந்தம். 2014-இல் அந்த உரிமையைக் கேட்டபோது, வெளிநாட்டவர் பங்கை விற்கும் விலைக்கு இருந்த அந்நியச் செலாவணி விதி குறுக்கே வந்தது. ரிசர்வ் வங்கி அனுமதிக்கவில்லை. 2016-இல் லண்டன் நடுவர் மன்றம் 117 கோடி டாலர் தரச் சொன்னது, 2017-இல் டெல்லி உயர் நீதிமன்றம் வழிவிட்ட பிறகே பணம் கிடைத்தது. வெளியேறும் விதி அந்த நாட்டின் செலாவணிச் சட்டத்தில் நிற்குமா என்று கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டும், நடுவர் மன்றம் வெளிநாட்டில் இருக்க வேண்டும்.

தாய்லாந்தில் பல சேவைத் தொழில்களில் வெளிநாட்டவர் பாதிப் பங்கை எட்டக் கூடாது என்பதால் பெயருக்கு உள்ளூர்ப் பங்குதாரர்களை வைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அந்த யோசனையோடு வரும் ஆலோசகரை விட்டு விலகுங்கள்.

## ஓடுகிற நிறுவனத்தை வாங்குவது

உரிமம், ஆள், வாடிக்கையாளர் எல்லாம் ஒரே நாளில் கைக்கு வரும். கூடவே அதன் பழைய வரலாறும் வரும். ஜப்பானின் டாய்ச்சி சாங்க்யோ 2008-இல் இந்திய மருந்து நிறுவனமான ரான்பாக்ஸியை வாங்கியது. அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ரான்பாக்ஸியின் இரண்டு ஆலைகளின் மருந்துகளுக்குத் தடை விதித்தது. 2013-இல் 50 கோடி டாலர் கட்டி வழக்கை முடிக்க வேண்டியிருந்தது. விற்றவர்கள் உண்மையை மறைத்தார்கள் என்று 2016-இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தபோது டாய்ச்சி அந்த நிறுவனத்தையே கைமாற்றிவிட்டிருந்தது. உரிமம் கிடைப்பது அரிதான துறைகளில் வாங்குவது சரி. அப்போதும் முழு நிறுவனத்துக்குப் பதில் தொழிலையும் சொத்தையும் மட்டும் வாங்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். விலையில் ஒரு பங்கை மூன்றாவது ஆளிடம் நிறுத்தி வைக்கச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வடிவம் | உள்ளூரில் பில் போடலாமா | தாய் நிறுவனத்தின் பொறுப்பு | கட்டுப்பாடு | மூடுவது |
|---|---|---|---|---|
| விநியோகஸ்தர் | அவர் பெயரில் | குறைவு | குறைவு | முகவர் சட்டத்தைப் பொறுத்தது |
| தொடர்பு அலுவலகம் | கூடாது | முழுமை | முழுமை | ஓரளவு எளிது |
| இ.ஓ.ஆர் | வேலை அதுவல்ல | ஒப்பந்தப்படி | நடுத்தரம் | மிக எளிது |
| கிளை | அனுமதித்த தொழிலுக்கு | முழுமை | முழுமை | நடுத்தரம் |
| துணை நிறுவனம் | ஆம் | பெரும்பாலும் மூலதனம்வரை | முழுமை | கடினம் |
| கூட்டு நிறுவனம் | ஆம் | மூலதனம்வரை | பகிர்வு | மிகக் கடினம் |
| வாங்குவது | ஆம் | மூலதனம்வரை, பழைய நிலுவைகளோடு | முழுமை | கடினம் |

## யாருக்கு எது

ஆட்கள் மட்டும் வேண்டும், வாடிக்கையாளர் வேறு நாட்டில் என்றால் இ.ஓ.ஆரில் தொடங்கி, குழு வளர்ந்ததும் துணை நிறுவனத்துக்கு மாறுங்கள். ஊழியர்களை மாற்றும்போது பணிக்காலம் தொடர்வதாக எழுதிக்கொடுக்க மறக்க வேண்டாம். பணிக்கொடைக் கணக்கு அங்கேதான் சிக்கும். ஒரே ஒரு பெரிய ஒப்பந்தம், முடிந்ததும் கிளம்பிவிடுவோம் என்றால் கிளை, அல்லது அந்த நாட்டில் அனுமதி இருந்தால் திட்ட அலுவலகம். பொருள் விற்பனையில் சந்தை இன்னும் தெரியவில்லை என்றால் விநியோகஸ்தர். ஆனால் உரிமமும் சின்னமும் உங்கள் பெயரில். அரசு, வங்கி, பெரிய நிறுவனங்கள் ஆகியவற்றுக்குத் தொடர்ந்து விற்கிறீர்கள் என்றால் துணை நிறுவனத்தைத் தள்ளிப்போட்டுப் பயனில்லை.

துணை நிறுவனத்தை மூடுவது தனிப் படலம். இந்தியாவில் பெயரை நீக்கும் விண்ணப்பங்களை விரைவுபடுத்த 2023-இல் சி-பேஸ் என்ற மையம் வந்தது, அது உதவியாகவே இருக்கிறது. ஆனால் நிலுவை வரியும் வழக்கும் இருந்தால் அந்த வழி உதவாது. பதிவு செய்யும் அன்றே மூடுவதற்கு ஆகும் வரித் தணிக்கை, ஊழியர் நிலுவை, வாடகை ஒப்பந்தத்தின் மீதிக் காலம் ஆகியவற்றுக்கு ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது நல்லது.

இன்னொன்று, விதிகள் மாறும். அமீரகத்தில் பெரும்பாலான தொழில்களுக்கு இருந்த 49 சதவீத வெளிநாட்டுப் பங்கு வரம்பு 2021-இல் நீங்கியது. அதே நேரத்தில் எதிர்த்திசையிலும் மாற்றம் நடக்கிறது: 2020 ஏப்ரலில் இந்தியா தன்னோடு நில எல்லை கொண்ட நாடுகளின் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. இந்தியக் காப்பீட்டுத் துறையில் வெளிநாட்டுப் பங்கு வரம்பு 26-இல் தொடங்கி 2015-இல் 49, 2021-இல் 74 என்று உயர்ந்தது. இன்று சட்டம் காரணமாகக் கூட்டு நிறுவனத்துக்குப் போகிறவர்கள், வரம்பு உயரும் நாளில் கூட்டாளியின் பங்கை எந்த முறையில் மதிப்பிட்டு, எத்தனை நாளுக்குள் வாங்கலாம் என்பதைப் பங்குதாரர் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். வரம்பு உயர்ந்த பிறகு அந்தப் பேச்சைத் தொடங்கினால் கூட்டாளி சொல்வதுதான் விலை.